ஹெர்பார்ட்டா, 5இ-யா, அட்டையா: நேற்று வராத பிள்ளையை வைத்து ஒரு கணக்கு

பி.எட். படிப்பு இரண்டு வருடமானதிலிருந்து இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும். எனக்குக் கிடைத்தது நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவே, பஸ் போகும் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கும் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளி. ஆறாம் வகுப்பு, கணக்கு, 29 பிள்ளைகள். அடுத்து போகப்போகும் ஜூனியர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: லெசன் பிளான் எந்த முறையில் போடுவது? நான் மூன்றையும் போட்டுப் பார்த்தேன். முதல் மூன்று வாரம் ஜெர்மன் கல்வியாளர் ஹெர்பார்ட் பெயரில் வழங்கும் முறை, அடுத்த மூன்று வாரம் 5இ (5E) என்ற ஐந்து கட்ட முறை, அப்புறம் முடியும்வரை அட்டை, அதாவது கணக்கு எழுதிய அட்டையைப் பிள்ளைகளே எடுத்துப் போடுவது. வாரத்துக்கு வாரம் பாடம் மாறியதால் இது ஒரே பாடத்தை மூன்று விதமாக நடத்திய சோதனை இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஹெர்பார்ட் முறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரெக்கார்டு நோட்டில் எல்லாரும் கட்டம் போட்டு எழுதுவது அதைத்தான். ஹெர்பார்ட் சொன்னது நான்கு படி. அவர் வழியில் வந்த சில்லர் (Ziller), ரைன் (Rein) என்ற இருவர் அதை ஐந்தாக்கினார்கள்: ஆயத்தம், எடுத்துரைத்தல், ஒப்பிடுதல், பொதுமைப்படுத்தல், பயன்படுத்தல். புதிதாக வகுப்புக்குள் நுழைகிறவருக்கு இது நல்ல கைப்பிடி. அடுத்து என்ன பேசுவது என்று தொண்டை காய்ந்து நிற்கும்போது நோட்டைப் பார்த்தால் வழி தெரியும். கல்லூரியிலிருந்து அப்சர்வேஷனுக்கு வருகிற மேடத்துக்கும் பழகிய முறை. பிரச்சினை என்னவென்றால், 40 நிமிடத்தில் 30 நிமிடம் நானே பேசிக்கொண்டிருந்தேன். முன் பெஞ்சில் ஆறு பேர் பதில் சொன்னார்கள், மற்றவர்கள் அந்த ஆறு பேரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

5இ அமெரிக்காவில் 1980களின் பிற்பாதியில் அறிவியல் பாடத்துக்காக உருவானது. ஆங்கிலத்தில் E-யில் தொடங்கும் ஐந்து கட்டம்: ஈர்ப்பது, ஆராய்வது, விளக்குவது, விரிப்பது, மதிப்பிடுவது. கோணம் நடத்தும்போது எல்லாருக்கும் இரண்டிரண்டு ஈர்க்குச்சி கொடுத்துச் சைக்கிள் வால்வு ட்யூப் துண்டால் இணைத்துத் திறந்து மூடச் சொன்னேன். வகுப்பே உயிர்த்துவிட்டது. கதவு திறப்பது, கத்தரிக்கோல், வாய்க்காலில் நிற்கும் கொக்கின் கால் என்று அவர்களே கோணம் கோணமாகக் கண்டுபிடித்தார்கள். அன்றைக்குக் கேட்டிருந்தால் நான் 5இ கட்சி என்றுதான் சொல்லியிருப்பேன். ஸ்மார்ட் போர்டில் ஒரு படமும் ஓட்டினேன். நன்றாக இருந்தது, ஆனால் அந்த அறைக்கு மூன்று வகுப்பு வரிசையில் நிற்கிறது. அதை நம்பித் தினசரி பிளான் போட முடியாது.

ஆனால் ஆராய்வதற்கு நேரம் பிடிக்கிறது. கோணம் ஒரு பீரியடில் முடியாமல் மறுநாளுக்குப் போனது. மறுநாள் நான்கு பேர் முந்தைய நாள் வராதவர்கள். எல்லாரும் ஈர்க்குச்சியைப் பற்றிப் பேசிச் சிரிக்கிறார்கள், இந்த நான்கு பேர் எதைப் பற்றி என்று தெரியாமல் சேர்ந்து சிரிக்கிறார்கள். ஒரு பையன் கேட்டான், "டீச்சர், நேத்து என்ன நடந்துச்சு?" எனக்குப் பதில் சொல்ல நேரமில்லை.

அன்று சாயங்காலம் வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். கடந்த பத்து வேலை நாளில் 29 பேரும் வந்திருந்தது இரண்டே நாள். டெல்டாவில் பள்ளிக்கூட நாட்காட்டி ஒன்று, வயல் நாட்காட்டி ஒன்று. மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்து தண்ணீர் கல்லணை வந்து சேர்ந்துவிட்டால் குறுவை வேலை ஓடும். ஆகஸ்ட், செப்டம்பரில் அறுவடை, பின்னாலேயே சம்பா நாற்று, நடவு. அம்மா நடவுக்குப் போனால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அக்கா வீட்டில் நிற்பாள். ஐப்பசி மழையில் வாய்க்கால் பாலம் மூழ்கினால் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வர முடியாது. இது யாருடைய சோம்பேறித்தனமும் இல்லை.

இங்கேதான் எனக்கு ஒப்பீட்டின் அளவுகோலே மாறியது. வகுப்பு கலகலப்பாக இருக்கிறதா என்று பார்ப்பதை விட்டேன். நேற்று வராத பிள்ளை இன்று எத்தனை நிமிடத்தில் வேலையைத் தொடங்குகிறது என்று பார்த்தேன். ஹெர்பார்ட் முறையின் முதல் படியே முன்னறிவைச் சோதிக்கும் கேள்வி. அதாவது நேற்றைய பாடம். வராத பிள்ளை முதல் நிமிடத்திலேயே வெளியே நிற்கிறது. 5இ-யில் ஆராயும் நாளைத் தவறவிட்டால் விளக்கும் நாளுக்குப் பொருளே இல்லை. இரண்டும் சங்கிலி. ஒரு கண்ணி விட்டால் கதை முடிந்தது.

அட்டை முறை சங்கிலி இல்லை. நம் ஊர் ஆற்றுப் படித்துறை மாதிரி. பாட்டி மேல் படியில் உட்கார்ந்து சொம்பால் மொண்டு ஊற்றிக்கொள்வார், பெரியவர்கள் இடுப்பளவுக்கு இறங்குவார்கள், பையன்கள் கடைசிப் படியிலிருந்து குதிப்பார்கள். குளிப்பது ஒரே தண்ணீரில். விகிதம் என்ற ஒரே கருத்துக்கு மூன்று படியாக அட்டை எழுதினேன். மேல் படி: கப்பையும் புளியங்கொட்டையையும் கையில் எடுத்துச் செய்வது. நடுப் படி: படமும் எண்ணும். கடைசிப் படி: வாக்கியக் கணக்கு. ஒவ்வொரு அட்டையும் தனியாக நிற்கும். தேவையான விதி அதன் தலைப்பிலேயே இரண்டு வரியில் இருக்கும். ஒரு வாரம் கழித்து வருகிற பிள்ளையும் எட்டி ஒன்றை எடுத்துத் தொடங்கலாம். நான் கவனித்தவரை ஐந்து நிமிடத்துக்குள் பென்சில் ஓட ஆரம்பித்துவிடும்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. தமிழ்நாட்டில் தொடக்க வகுப்புகளுக்குச் செயல்வழிக் கற்றல் அட்டைகள் வந்து ரொம்ப நாள் ஆகிறது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவிய முறை அது. ஆறாம் வகுப்பில் அதை யாரும் தொடுவதில்லை, அவ்வளவுதான். அனைவருக்குமான கற்றல் வடிவமைப்பு என்று கல்லூரியில் ஒரு அலகு படித்தோமே, பாடத்தை ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் காட்டு, பிள்ளை ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் பதில் சொல்லட்டும் என்று, அதுவும் இதுதான். பரீட்சைக்கு எழுதியபோது எனக்குப் புரியவில்லை.

தப்பும் பண்ணினேன். முதல் செட்டைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் பிரித்தேன். இரண்டே நாளில் பச்சை "மக்கு அட்டை" ஆகிவிட்டது. பச்சையை எடுத்த பிள்ளை அதைப் புத்தகத்துக்குள் மறைத்து வைத்துப் போட்டது. தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் கற்றல் நிலைகளுக்கு இருக்கும் அரும்பு, மொட்டு, மலர் என்ற பெயர்களையே வைக்கலாமா என்று யோசித்தேன். 2022-இல் அந்தத் திட்டம் தொடங்கியபோது இவர்கள் மூன்றாம் வகுப்பு. "அது சின்னப் பிள்ளைங்களது டீச்சர்" என்று ஒரே குரலில் மறுத்துவிட்டார்கள். கடைசியில் எல்லா அட்டையும் ஒரே நிறம், பின்பக்கம் சிறிதாகப் படித்துறைப் படம், எந்தப் படி என்று ஒரு புள்ளி. படித்துறையில் கீழே போகப் போகத்தான் ஆழம் என்பதால் "கீழ்ப் படி" என்பது கெட்டிக்காரத்தனமாகிவிட்டது. இதை நான் திட்டமிடவில்லை.

இன்னொன்று. டெல்டா பிள்ளைகள்தானே என்று ஆசையாக நில அளவையை வைத்து ஒரு அட்டை எழுதினேன். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. பழைய தமிழ் பின்ன வாய்ப்பாட்டில் மா என்றால் 1/20, அதாவது வேலியில் இருபதில் ஒரு பங்கு என்று பெயரிலேயே கணக்கு இருக்கிறது. விகிதத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எங்கே கிடைக்கும்? அட்டையின் கேள்வி: "உங்கள் வீட்டு வயல் எத்தனை மா? ஒரு வேலிக்கு அது என்ன விகிதம்?" வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் வயல் கிடையாது. அடுத்தவர் வயலில் கூலிக்குப் போகிற வீடு. ஒரு பெண் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு பேசாமல் திருப்பி வைத்தாள். வழிகாட்டி டீச்சர் வகுப்பு முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டு, "இந்தக் கேள்வியை யார்கிட்ட கேக்குறோம்னு பாத்துக்கம்மா" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. மறுநாள் அது கோயில் நிலக் கணக்காக மாறியது: 20 மா வேலியில் 5 மா குளமும் நந்தவனமும் என்றால் மீதியோடு என்ன விகிதம்? கூடவே இட்லி மாவுக்கு நான்குக்கு ஒன்று அரிசி உளுந்து, சித்தாள் வேலைக்குப் போகிற அம்மா கலக்கும் கலவை. இட்லி அட்டைதான் அதிகம் கசங்கிப் போனது.

வகுப்பில் ஒரு மாணவிக்குப் பார்வைக் குறைபாடு. ஸ்மார்ட் போர்டு அவளுக்கு வெளிச்சம் பட்ட தகரம் மாதிரி. ஹெர்பார்ட் வகுப்பில் கரும்பலகைக்குப் பக்கத்தில் உட்கார வைத்ததோடு என் கடமை முடிந்தது என்று நினைத்திருந்தேன். அட்டையில் அவளுக்காகக் கறுப்பு மார்க்கரால் தடித்த எழுத்தில் எழுதினேன். கடைசி பெஞ்ச்காரர்கள் அந்த அட்டையைத்தான் தேடி எடுத்தார்கள். அப்புறம் எல்லாமே தடித்த எழுத்து. இன்னொரு பையன் வாசிக்கத் திணறுவான், ஆனால் அப்பாவின் டீக்கடையில் சில்லறை கொடுத்துப் பழகிய கை, வாய்க்கணக்கு பறக்கும். எழுத்தைப் பார்த்தால் மேல் படி, கணக்கைப் பார்த்தால் கடைசிப் படி. பக்கத்துப் பையன் படித்துக் காட்ட, இவன் போட்டான். பிள்ளைக்கு ஒரு படி என்று ஒட்டிவிடக் கூடாது என்று அவனால்தான் தெரிந்தது.

செலவு, உழைப்பு விஷயத்தில் அட்டைக்குப் பரிந்து பேச மாட்டேன். ஹெர்பார்ட் பிளான் எழுத ஒன்றரை மணி நேரம். 12 அட்டை கொண்ட ஒரு செட்டுக்கு முதல் தடவை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்கப் போனது. பொருள் செலவு சொற்பம். கல்யாணப் பத்திரிகையின் வெள்ளைப் பக்கத்தை வெட்டிக்கொண்டேன், ஆவணி முகூர்த்தம் முடிந்ததும் தெருவில் எல்லார் வீட்டிலும் கிடைக்கும். மார்க்கர், அகலமான செலோ டேப், அவ்வளவுதான். மழைக்காலத்தில் டேப் ஒட்டாத அட்டை இரண்டு வாரம் தாங்காது. ஆனால் ஒரு தடவை எழுதியதை அடுத்த வருடம் அப்படியே எடுக்கலாம். ஹெர்பார்ட் நோட்டை யாரும் திரும்ப எடுப்பதில்லை, பழைய பேப்பர்காரரைத் தவிர. சத்தம் அதிகம் என்பதையும் சொல்ல வேண்டும். பக்கத்து வகுப்பு சார் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார்.

எனக்குத் தெரியாத பகுதி நிறைய. பொதுத்தேர்வு இருக்கும் பத்தாம் வகுப்பில் இதைச் செய்து பார்க்கவில்லை. சிலபஸ் முடிக்கும் அவசரத்தில் அங்கே ஹெர்பார்ட்தான் ஓடும் என்று நினைக்கிறேன். 29 பேருக்குச் சரியாக வந்தது 50 பேருக்கு வருமா என்பதும் கேள்விதான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகை குறைபாடுகளில் நான் வகுப்பில் பார்த்தது ஒன்றே ஒன்று. காது கேளாத பிள்ளைக்கோ, ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கோ அட்டை போதுமா என்று வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரைத்தான் கேட்க வேண்டும். என்னைக் கேட்காதீர்கள். அறிவியல் எடுக்கிறவர்கள் 5இ-யை விட்டுவிட வேண்டாம். இரத்த ஓட்டத்தை அட்டையில் காட்டுவதைவிட படத்தில் காட்டுவது நூறு மடங்கு மேல்.

ரெக்கார்டு என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். கல்லூரிக்கு வேண்டியது ஐந்து படி. ஐந்து படியையும் எழுதி, பயன்படுத்தல் என்ற கட்டத்தில் "அட்டை 1 முதல் 12 வரை" என்று போட்டு, அட்டைகளைத் துணைக்கருவியாக ஒரு உறையில் வைத்து ஒட்டினேன். கையெழுத்து கிடைத்தது. கிளம்புகிற அன்று செட் முழுவதையும் வழிகாட்டி டீச்சரிடம் கொடுத்தேன். இட்லி அட்டையை மட்டும் புதிதாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்.