எம்2ஏ1 அம்மோ கேன் (தோட்டா வைக்கிற பெட்டி) – ஹூஸ்டன் ஈரக்காத்துல யூஸ் பண்ணவனோட ரிவ்யூ

2017 ஆகஸ்ட்ல ஹார்வி புயல் வந்தப்போ ஹூஸ்டன் பக்கம் கேட்டிங்கிற ஊர்ல எங்க வீட்டு கேரேஜ்ல முழங்கால் தண்ணி. கீழ்த்தட்டுல அட்டைப்பெட்டியோட வச்சிருந்த 9எம்எம் தோட்டா எல்லாம் ஊறிப்போச்சு, ரெண்டு வாரம் கழிச்சு எடுத்துப் பாத்தா புளி போட்டு தேய்க்காத குத்துவிளக்கு மாதிரி பச்சையா களிம்பு ஏறி கெடக்கு. தண்ணில முங்கினத காயவச்சு சுடவே கூடாது, குப்பையிலயும் போடக்கூடாது, துப்பாக்கி சுட்டுப் பழகுற ரேஞ்சுல கேட்டு ஒப்படைச்சிட்டு வந்தேன். அப்புறம் வாங்கினதுதான் இந்த எம்2ஏ1 கேன்.

.50 காலிபர் தோட்டா 100 ரவுண்ட் கோத்து வைக்கிறதுக்காக மிலிட்டரிக்கு செஞ்ச இரும்புப் பெட்டி இது. பழசு 20 டாலர் பக்கம் கிடைக்கும். மூடிக்கு உள்பக்கம் சுத்தி ஒரு ரப்பர் கேஸ்கெட் இருக்கு பாருங்க, உயிரே அதுலதான். நான் முதல்ல ஒரு கடையில வாங்கினதுல ரப்பர் காஞ்சு விரிசல் விட்டிருந்துச்சு, திருப்பிக் கொடுத்தேன். ரெண்டாவது கேனுக்குள்ள ரெண்டு டம்பெல்லும் டிஷ்யூ பேப்பரும் போட்டு மூடி பாத்டப்ல அரைமணி நேரம் முக்கி வச்சேன், திறந்தா டிஷ்யூ மொறுமொறுன்னு அப்படியே இருந்துச்சு. வாங்குறவங்க இத கண்டிப்பா செஞ்சு பாருங்க.

ஒண்ணு கவனிங்க, கேரேஜ்ல புழுக்கத்துல நின்னுக்கிட்டு மூடினா அந்த ஈரக்காத்தையும் சேத்து உள்ள அடைச்சிடுவீங்க. ஏசி ரூம்ல வச்சு மூடுங்க, கூடவே ஈரத்த உறிஞ்சி கலர் மாறுற சிலிக்கா ஜெல் பாக்கெட் ஒண்ணு போடுங்க. கேனையும் வீட்டுக்குள்ள அலமாரியிலதான் வைக்கணும், டெக்சாஸ் வெயில்ல கேரேஜும் காரும் அடுப்பு மாதிரி.

எவ்வளவு வைக்கலாம்? 2020ல கொரோனா வந்து கடை ஷெல்ஃப் எல்லாம் காலியாகி விலை மூணு மடங்கு ஏறினப்போ, பயந்து வாங்கி குவிச்சவங்கள பாத்திருக்கேன். வேண்டாங்க. எங்களுக்கு ஒரே ஒரு பிஸ்டல், மாசம் ஒருதடவ ரேஞ்சுல 50 ரவுண்ட். அதனால 500 ரவுண்ட், அவ்வளவுதான். பழசு முதல்ல போகணும், புதுசு அடியில, ரேஷன் அரிசி மாதிரி. பாக்ஸ் அட்டைய கிழிச்சு வீசாதீங்க, கம்பெனி ஏதாவது கோளாறுன்னு திரும்பக் கேட்டா அதுல இருக்கிற லாட் நம்பர (எந்த பேட்ச்ல செஞ்சதுன்னு சொல்ற எண்) வச்சுதான் தேடணும். கேன்ல இடம் இருக்குன்னு 1000 ரவுண்ட் போட்டா அதுவே 12 கிலோ, பெட்டியோட சேத்து 15 ஆச்சு, மாடிக்கு தூக்கிப் பாருங்க தெரியும். ஹார்வியில நாலு நாள் நாங்க தேடினது குடிதண்ணியும் அம்மாவோட பிரஷர் மாத்திரையும்தான், அந்த ரெண்டுக்கும் காசு ஒதுக்கிட்டு மிச்சத்துல இத வாங்குங்க.

எச்1பி வேலை விசால இருக்கிற தம்பிங்க நல்லா கேட்டுக்கோங்க, வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்கு தவிர துப்பாக்கி மட்டுமில்ல தோட்டா கையில வச்சிருக்கிறதே ஃபெடரல் சட்டப்படி குற்றம். கிரீன் கார்டு வந்தப்புறம் யோசிங்க.

குறைன்னா பூட்டு இல்ல. கைப்பிடி மாதிரி கிளிப்ப இழுத்தா எட்டு வயசு புள்ளையும் திறந்துடும், எங்க சின்னவ ஒருநாள் திறந்தே காட்டினா, எனக்கு வயித்த கலக்கிருச்சு. அன்னிக்கே தனியா பூட்டு கிட் வாங்கி மாட்டிட்டேன், துப்பாக்கி வேற ரூம்ல சேஃப்ல இருக்கு. அந்த கிட் விலையையும் சேத்து கணக்குப் போட்டு வாங்குங்க. 5க்கு 4.