நான்கு ஆண்டுகள் உரம் போட்டுப் பார்த்ததில்

19:19:19 எனும் கரையும் உரம் (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ளது), மண்புழு உரம் இரண்டையும் நான்கு ஆண்டுகளாகத் தொட்டிச் செடிகளுக்குப் போட்டு வருகிறேன். முதல் ஆண்டு எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். இலை வாடினால் உரம், பழுத்தால் உரம், பூக்காவிட்டாலும் உரம்.

அதில் பலியாக இருந்தது ஒரு மிளகாய்ச் செடி. மண் வறண்டு கிடந்த ஒரு மதியத்தில், கரையும் உரத்தைப் பொட்டலத்தில் சொன்ன அளவுக்கு இரண்டு மடங்கு கரைத்து ஊற்றினேன். மூன்றாம் நாள் இலை நுனியெல்லாம் தீய்ந்து பழுப்பாகிவிட்டது. பசிதான் போல என்று இன்னொரு தடவையும் ஊற்றினேன்! மண்ணின் மேல் வெள்ளையாகப் பொரிந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. இந்தக் கரையும் உரமும் ஒருவகை உப்புதான். மண்ணில் அது அளவு மீறினால் ஈரம் இருந்தும் வேரால் உறிஞ்ச முடியாது. மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, அடித்துளை வழியே ஓடும்வரை வெறும் தண்ணீரை நான்கைந்து முறை விட்டேன். கருகிய இலை தேறவில்லை. புதுத் துளிர் வர மூன்று வாரம் ஆனது.

அடுத்தது தக்காளி. தழைச்சத்தை (நைட்ரஜன்) அள்ளிக் கொடுத்ததில் செடி கரும்பச்சையாக, பார்க்கவே ஜோராக வளர்ந்தது. பூ மட்டும் இல்லை, சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிதான் மொய்த்தது.

அதன் பிறகு இலையைப் பார்க்கப் பழகினேன். அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் சீராக மஞ்சளானால் பெரும்பாலும் தழைச்சத்துக் குறைவு. செடி அதைப் பழைய இலையிலிருந்து எடுத்துப் புதியதற்கு அனுப்பிவிடும். இளம் இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு இருந்தாலும், மண் காரத்தன்மையாக இருந்தால் வேருக்கு அது கிடைக்காது. அங்கே 19:19:19 ஊற்றிப் பயனில்லை. தண்ணீர் தேங்கி வேர் அழுகினாலும் இலை மஞ்சளாகும் என்பதால், இப்போதெல்லாம் முதலில் மண்ணில் விரலை விட்டுப் பார்த்துவிடுகிறேன்.

இப்போதைய வழக்கம் இதுதான். முதல் நாள் மாலை வெறும் தண்ணீர். மறுநாள் காலை ஈர மண்ணில் லிட்டருக்கு 1 கிராம் கரைத்த உரநீர். அதுவும் துளிர் விடும் காலத்தில் மட்டும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. குளிரில் வளர்ச்சி நின்றால் உரமும் நின்றுவிடும். தொட்டி மாற்றினால் ஒரு மாதம் ஒன்றும் கிடையாது.

இரண்டில் எது நல்லது என்றால், அவசரத்துக்குக் கரையும் உரம்தான். ஒரே வாரத்தில் நிறம் திரும்பும். ஆனால் கை கொஞ்சம் தாராளமானால் மன்னிக்காது. மண்புழு உரத்தில் அந்தப் பயம் குறைவு, மண்ணும் பொலபொலவென்று ஆகிறது. நுண்ணுயிர்கள் சிதைத்துத் தருவதால் பலன் மெதுவாகத்தான் தெரியும். மூட்டைக்கு மூட்டை தரம் மாறுவதுதான் என் குறை. நல்லதென்றால் மழை நனைத்த மண் வாசம் வரும். ஒருமுறை வாங்கியது மூக்கைப் பொத்த வைத்தது, சரியாக மக்கவில்லை. இன்னும் இரண்டு மாதம் நிழலில் மூடி வைத்துத்தான் பயன்படுத்தினேன்.

அப்புறம் அந்த மிளகாய்ச் செடி, அடுத்த ஆண்டும் காய்த்தது.