பிரேக் பேட் மாற்ற வீடா, ஷெட்டா, கம்பெனி சர்வீஸா: வடசென்னைக் கார்களுக்கு ஓர் அலசல்

பிரேக் பேட் மாற்ற வேண்டும் என்றதும் எல்லாரும் முதலில் கேட்பது விலைதான். கம்பெனி சர்வீஸில் எவ்வளவு, தெருமுனை ஷெட்டில் எவ்வளவு, நாமே மாற்றினால் எவ்வளவு மிச்சம்? காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் வண்டி நிறுத்துகிறவர்கள் அதற்கு முன்னால் இன்னொன்றைக் கேட்க வேண்டும். வீலோடு சுழலும் டிஸ்க்கில் பேடுகளை அழுத்தும் பாகம் காலிப்பர். அது வழுக்கி நகரும் கம்பிகளான ஸ்லைடு பின்களைக் கழற்றிச் சுத்தம் செய்யப்போவது யார்?

காரணம் கடல் காற்று. இன்றைய சிறிய கார்கள் பெரும்பாலானவற்றில் முன் பிரேக்கின் காலிப்பர் இரண்டு பின்களின் மேல் வழுக்கி நகரும். பெடலை மிதித்ததும் பிஸ்டன் உள் பேடைத் தள்ளும். அந்த அழுத்தத்தில் காலிப்பர் பின்வாங்கி வெளிப் பேடையும் டிஸ்க்கின் மேல் இழுத்துப் பிடிக்கும். பின்னில் கிரீஸ் காய்ந்து துரு ஏறிவிட்டால் காலிப்பர் நகராது. உள் பேட் மட்டும் தேய்ந்துகொண்டே போகும், வெளிப் பேட் பாதிக்கு மேல் அப்படியே இருக்கும். காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டில் பேட் உட்காரும் இடத்திலும் இதே கதைதான். அங்கே துரு உப்பினால் பேட் இறுகி, பிரேக்கை விட்ட பிறகும் டிஸ்க்கை உரசிக்கொண்டிருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் நின்ற வண்டிகளுக்கும், மழை பெய்தாலே நிரம்பும் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போன வண்டிகளுக்கும் துருவோடு சேறும் உண்டு.

ஆகவே பேடை மட்டும் கழற்றிப் புதுசைச் சொருகினால் நம் பக்கத்து வண்டிகளுக்குப் பாதி வேலைதான் முடிந்திருக்கும். மூன்று வழிகளையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

கம்பெனி சர்வீஸ் சென்டரை முதலில் எடுத்துக்கொள்வோம். அசல் பேட் கிடைக்கும், பில் கிடைக்கும், வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசும் ஸ்கேனர் இருக்கும். வாரண்டியில் உள்ள வண்டிக்கு வேறு இடம் யோசிக்க வேண்டாம். ஆனால் அங்கே பேட் மாற்றுவது ஒரு லேபர், பிரேக் சுத்தம் செய்வது இன்னொரு லேபர். பில்லில் இரண்டாவது வரி இல்லையென்றால் பின்னை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளலாம். டிஸ்க்கையும் மாற்றச் சொல்லி எஸ்டிமேட் வந்தால் உடனே தலையாட்ட வேண்டாம். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் அதன் விளிம்பிலோ நடுப்பகுதியிலோ மில்லிமீட்டரில் பொறிக்கப்பட்டிருக்கும். அளந்து காட்டச் சொல்லுங்கள். ஓரத்தில் துருப்பிடித்த மேடு தெரிவதை வைத்து மட்டும் டிஸ்க் போய்விட்டது என்று முடிவு கட்ட முடியாது. கடலோர வண்டிகளில் அந்த மேடு இல்லாத டிஸ்க்கைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அடுத்தது நம்ம ஏரியா மெக்கானிக் ஷெட். தண்டையார்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் லாரி வேலை பார்த்துக் கை பழகியவர்கள் இருக்கிறார்கள். இறுகிப்போன பின்னைச் சூடு காட்டிக் கழற்றும் அனுபவம் அவர்களுக்கு உண்டு, வீட்டில் நம்மால் அது ஆகாது. லேபரும் மூன்றில் ஒரு பங்கோ பாதியோதான் வரும். சிக்கல் அவசரம். வாசலில் நாலு வண்டி காத்திருக்கும்போது, "பின்லாம் நல்லாத்தான் கீதுண்ணா, பேடு மட்டும் போட்ரலாம்" என்ற பதில் வரும். பின்னை வெளியே இழுத்துப் பார்க்காமல் அதைச் சொல்ல முடியாது. "கழட்டித் தொடச்சு கிரீஸ் வெச்சிருங்க, அதுக்குத் தனியா காசு வாங்கிக்கங்க" என்று முதலிலேயே பேசிவிட்டுப் பக்கத்தில் நின்றால் வேலை ஒழுங்காக நடக்கும். அப்புறம், ஏர் ஹோஸை வைத்து பிரேக் தூசியை ஊதுகிற பழக்கம் சில ஷெட்களில் இன்னும் இருக்கிறது. அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. பிரேக் கிளீனர் ஸ்பிரே அடித்து ஈரமாகத் துடைக்கச் சொல்லுங்கள்.

ஆப்பில் புக் செய்தால் வீட்டுக்கே மெக்கானிக் வரும் சேவையும் உண்டு. பழைய வண்ணாரப்பேட்டைச் சந்தில் ஜாக்கி போட இடம் எங்கே?

மூன்றாவது வழி, நாமே செய்வது. முன் பக்கம் டிஸ்க், பின் பக்கம் டிரம் உள்ள சாதாரண ஹேட்ச்பேக் என்றால் இதுதான் என் முதல் தேர்வு. நமக்கு அவசரம் இல்லை என்பதே காரணம். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆனாலும் யாரும் ஹாரன் அடிக்கப்போவதில்லை.

ஆனால் இடம் வேண்டும். கொளத்தூர், மாதவரம் பக்கத்து ஃபிளாட்களில் சிமென்ட் தரை போட்ட பார்க்கிங் இருந்தால் நல்லது. பேவர் பிளாக் தரையில் ஜாக்கி புதையும், அடியில் கெட்டியான பலகை கொடுக்க வேண்டும். மழைநீர் வடிகாலுக்குத் தோண்டி மூடிய தெருவோரம் வேண்டவே வேண்டாம். வண்டியோடு வந்த ஜாக்கி ஸ்டெப்னி மாற்றத்தான். அதை மட்டும் நம்பி வீல் இல்லாத காருக்குப் பக்கத்தில் கையை விடக்கூடாது. தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் ஆக்சில் ஸ்டாண்ட் ஒரு ஜோடி வாங்கினால் பல வருடங்களுக்கு உழைக்கும். கழற்றிய வீலையும் கதவுக்குக் கீழே படுக்க வைத்துவிடுங்கள்.

வேலை இதுதான். வண்டி தரையில் நிற்கும்போதே வீல் நட்டுகளை லேசாகத் தளர்த்தி, பிறகு தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். காலிப்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றினால் பல மாடல்களில் காலிப்பர் கதவு மாதிரி மேலே திறக்கும். முழுதாக வெளியே வரும் வகை என்றால் கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிட வேண்டும், பிரேக் ஹோஸின் மேல் பாரம் விழக்கூடாது. பழைய பேடுகளை எடுத்து உள், வெளி என்று பிரித்து வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு தேய்ந்திருந்தால் பின்கள் வேலை செய்கின்றன. ஒன்று 2 மில்லிமீட்டரிலும் மற்றது 6லும் நின்றால் அங்கே ஏதோ இறுகியிருக்கிறது.

இந்த இடத்தில்தான் நேரத்தைச் செலவழிக்க வேண்டும். பின்களை அவற்றை மூடும் ரப்பர் உறையோடு, அதாவது பூட்டோடு, வெளியே இழுத்து, பழைய கிரீஸை வழித்து, பிரேக்குக்கென்று விற்கும் சிலிக்கான் கிரீஸை மெல்லிசாகத் தடவுங்கள். வீல் பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் ரப்பரை உப்ப வைத்துவிடும். பூட் கிழிந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும், இல்லையென்றால் அடுத்த மழைக்குள் பழையபடி இறுகும். பிராக்கெட்டில் பேட் உட்காரும் இடத்தை வயர் பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் தேய்த்து உலோகம் தெரிய வைக்க வேண்டும். புது கிளிப்புகள் டப்பாவில் வந்திருந்தால் அவற்றையே போடுங்கள்.

பிஸ்டனைத் தள்ளுவதற்கு முன்னால் பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். பேட் தேயத் தேயப் பிஸ்டன் வெளியே வரும், டப்பாவில் ஆயில் இறங்கும். அது கசிவு இல்லை, இயல்பு. நடுவில் யாராவது ஆயில் ஊற்றி நிரப்பியிருந்தால் பிஸ்டன் உள்ளே போகும்போது பொங்கி வழியும், பட்ட இடத்தில் பெயின்ட் உரியும். கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிட்டு, பழைய பேடை முட்டுக் கொடுத்து, திருகி இறுக்கும் சி கிளாம்பால் மெதுவாகத் தள்ளுங்கள். புதுப் பேடைப் போட்டு, போல்ட்டையும் வீல் நட்டையும் மேனுவலில் உள்ள டார்க்கில், அதாவது அதில் சொன்ன முறுக்கு விசை அளவில், இறுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றக்கூடாது, இடது வலது இரண்டும் சேர்த்துத்தான். ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் பிரித்துப் போடாதீர்கள். ஒன்றைக் கழற்றும்போது மற்றது எப்படிப் பூட்டியிருந்தது என்று பார்த்துக்கொள்ள வசதி.

வீட்டில் தொடவே கூடாத வண்டிகளும் உண்டு. பட்டன் ஹேண்ட் பிரேக் உள்ளவற்றின் பின் பேட். கிரெட்டா, எக்ஸ்யூவி 700 போன்றவற்றின் மேல் வேரியன்ட்களில் அது காலிப்பரிலேயே மோட்டாராக உட்கார்ந்திருக்கும். ஸ்கேனரால் சர்வீஸ் மோடில் போட்டுப் பின்வாங்க வைக்காமல் சி கிளாம்பால் தள்ளினால் மோட்டாரோ அதன் பல் சக்கரமோ போகும், பேட் விலையைப் போலப் பல மடங்கு செலவு. கேபிள் ஹேண்ட் பிரேக்கோடு பின் டிஸ்க் உள்ள கார்களில் பல, பிஸ்டனைத் திருகியபடி உள்ளே தள்ளும் வகை. அதற்குத் தனி டூல் வேண்டும். இந்த இரண்டு வகைக்கும் ஸ்கேனரும் டூலும் உள்ள இடம்தான் சரி.

இனி பேட் தேய்ந்ததைச் சொல்லும் சென்சார். இதிலும் இரண்டு கட்சி.

மாருதி, ஹூண்டாய் சிறிய கார்களில் இருப்பது வெறும் தகடு. பேடில், பெரும்பாலும் உள் பேடில், வளைந்த ஒரு எஃகுத் துண்டு இருக்கும். பேட் தேய்ந்ததும் அது டிஸ்க்கைத் தொட்டுக் கீச்சென்று கத்தும். வயர் இல்லை, விளக்கு இல்லை, தனிச் செலவும் இல்லை. ஆனால் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே கண்ணாடியை ஏற்றி ஏசி போட்டுப் போகிறவர் காதில் அது விழாது. இரவில் உங்கள் தெருவுக்குள் நுழையும்போது கண்ணாடியை இறக்குங்கள். சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி நன்றாகக் கேட்கும். மழைக்கு மறுநாள் காலையில் முதல் சில மிதிக்கு மட்டும் வரும் சத்தம் டிஸ்க்கின் மேல் துரு, அதற்குப் பயப்பட வேண்டாம்.

பிஎம்டபிள்யூ, ஆடி, சில ஸ்கோடா, ஃபோக்ஸ்வேகன் மாடல்களில் இருப்பது மின் சென்சார். பேடுக்குள் ஒரு வயர் வளையம். பேட் குறிப்பிட்ட அளவு தேய்ந்ததும் டிஸ்க் அந்த வயரை அறுக்கும், மீட்டரில் விளக்கு எரியும். ஒரு முறை அறுந்த சென்சார் திரும்ப உதவாது. விளக்கு எரிவதற்கு முன்பே பேட் மாற்றினாலும் புதுசு வாங்கிவிடுவது நல்லது. பிரேக் சூட்டில் வெந்து வெந்து பிளாஸ்டிக் கழற்றும்போதே உடையும். பிஎம்டபிள்யூவில் சென்சார் தனியாகச் சொருகுவது, பல மாடல்களில் முன் இடது வீலுக்கு ஒன்று, பின் வலது வீலுக்கு ஒன்று. மீட்டரிலேயே ரீசெட் செய்யலாம், ஆனால் புது சென்சாரை மாட்டிய பிறகுதான் அது ஏற்கும். ஃபோக்ஸ்வேகன் வகையில் வயர் பேடோடு ஒட்டியே வரும். வயர் இல்லாத மலிவுப் பேடை வாங்கினால் பிளக் அநாதையாகத் தொங்கும், விளக்கு அணையாது. அப்போது சிலர் இரண்டு வயரையும் முறுக்கிச் சேர்த்து டேப் சுற்றிவிடுவார்கள். விளக்கு அணைந்துவிடும், பேட் இரும்பு வரை தேய்ந்தாலும் இனி எரியாது. செகண்ட் ஹேண்டில் இந்த வகைக் கார் வாங்குகிறவர்கள் முன் இடது வீலுக்குள் டார்ச் அடித்து அந்த டேப்பைத் தேட வேண்டும்.

எது மேல்? வசதிக்கு மின் சென்சார். நம்பிக்கைக்கு இரண்டுமே போதாது. பல வண்டிகளில் நாலு வீலிலும் சென்சார் கிடையாது. சென்சார் இல்லாத பக்கத்தில் ஸ்லைடு பின் இறுகி ஒரு பேட் தனியாகத் தேய்ந்தால் மீட்டர் வாயே திறக்காது. அதனால் வீல் கழற்றும் சாக்கு எப்போது கிடைத்தாலும், டயர் மாற்றும்போதோ பஞ்சர் போடும்போதோ, பேடைக் கண்ணால் பார்த்துவிடுவதுதான் என் வழக்கம். புதுப் பேடின் உராய்வுப் பகுதி சுமார் 10 மில்லிமீட்டர் இருக்கும். 3க்கு வந்துவிட்டால் தள்ளிப்போடக் கூடாது. மணலி, துறைமுகம் பக்கம் லாரி வரிசைக்குள் தினமும் ஊர்கிற ஆட்டோமேட்டிக் வண்டிகளில் அது சீக்கிரமே வந்துவிடும்.

பேட் வாங்குவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. அசல் கம்பெனிப் பேட் நல்லது. பெயருள்ள பிராண்டும் நல்லதுதான், விலை குறைவு. பிரேக் பாகங்களில் சென்னைக்குப் பழைய பெயர் உண்டு. பாடியில் பிரேக்ஸ் இந்தியா 1962லேயே தொடங்கியது, அம்பத்தூரில் ரானே பிரேக் லைனிங். ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டுக் கடைகளில் வண்டியின் மாடலோடு வருடத்தையும் சொல்லிக் கேளுங்கள், பழைய பேடைக் கையில் கொண்டுபோனால் இன்னும் நல்லது. செராமிக் பேடில் தூசி குறைவு, விலை அதிகம். அலாய் வீல் கறுப்பாவது பிடிக்காதவர்கள் வாங்கலாம், மற்றவர்களுக்குத் தேவையில்லை. பெயர் தெரியாத டப்பாவை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். புதுப்பேட்டையில் கழற்றிய பாகங்களை நானும் வாங்குவேன், பழைய பேடை மட்டும் வாங்கமாட்டேன்.

எங்கே மாற்றினாலும் வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடலைப் பலமுறை மிதியுங்கள். முதல் மிதியில் அது தரை வரை போகும், பிஸ்டன் பேடைத் தொட்ட பிறகுதான் கெட்டியாகும். இதை மறந்து ரிவர்ஸ் எடுத்துச் சுவரில் இடிப்பவர்கள் உண்டு. அப்புறம் புதுப் பேட் டிஸ்க்கோடு நன்றாகப் பொருந்தும்படி பழக்க வேண்டும். ஞாயிறு விடிகாலையில் மீஞ்சூர் வண்டலூர் வெளிவட்டச் சாலை இதற்குத் தோது. பின்னால் வண்டி இல்லாத நேரமாகப் பார்த்து 60லிருந்து 10 வரை நிதானமாகக் குறைத்து, இடையிடையே ஓடவிட்டு ஆற வைத்து, எட்டு பத்து முறை செய்யுங்கள். நடுவில் பிரேக்கை மிதித்தபடி நிற்க வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் நாலு வீலுக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய், தொடாமல், சூட்டைப் பாருங்கள். முன் வீல் இரண்டில் ஒன்று மட்டும் அதிகமாகக் கொதித்தால் அந்தப் பக்கத்துப் பின்னைத் திரும்பக் கழற்ற வேண்டும். 50 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளையும் ஒரு தடவை இறுக்கிப் பார்த்துவிடுங்கள்.