மதியம் மெக்சிகன்: டெக்ஸ்-மெக்ஸ் ஓட்டலா, டாக்கேரியாவா?

ஹூஸ்டனில் எங்கள் அலுவலகத்திலிருந்து காரில் ஐந்து நிமிடத்தில் இரண்டு மெக்சிகன் கடைகள். ஒன்று உட்கார்ந்து சாப்பிடும் டெக்ஸ்-மெக்ஸ், அதாவது டெக்சஸ் பாணி மெக்சிகன் ஓட்டல். மெத்தை வைத்த இருக்கை, கேட்காமலே வந்துவிடும் சிப்ஸும் சல்சா என்கிற அவர்கள் சட்னியும், நம்பர் போட்ட மதியத் தட்டுகள். இன்னொன்று, டயர் கடைக்கும் காசு போட்டுத் துணி துவைக்கும் கடைக்கும் நடுவில் ஒடுங்கி நிற்கும் டாக்கேரியா, அதாவது டாக்கோக் கடை. கவுண்டரில் சொல்லி, காசு கொடுத்து, நம்பரைக் கூப்பிட்டதும் நாமே போய்த் தட்டை எடுத்து வரவேண்டும். நாலு வருடம் முதல் கடைக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். போன வருடம் மாறிவிட்டேன். இந்தப் பக்கம் புதிதாக வேலைக்கு வரும் நம் ஆட்கள் எது நல்லது என்று கேட்டால் என் பதில் டாக்கேரியா. எதற்காக என்பதில்தான் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

காசு, நேரத்தை முதலில் முடித்துவிடலாம், அதில் சண்டையே இல்லை. ஓட்டலில் மதியத் தட்டு 13 டாலர், 8.25 சதவீத வரியும் டிப்ஸும் சேர்ந்தால் 16 தாண்டிவிடும். டாக்கேரியாவில் டாக்கோ ஒன்று 3 டாலர், மூன்று சாப்பிட்டால் வயிறு நிறைந்துவிடும். ஜாடியில் போடும் ஒரு டாலரையும் சேர்த்து 11க்குள் அடங்கும். அங்கே ஒரு மணி நேரம், இங்கே அரை மணி. பார்க்கிங் மட்டும் ஓட்டலில்தான் வசதி.

நான் மாறியது காசுக்காக இல்லை. டோர்ட்டியாவுக்காக, டாக்கோவில் உள்ளே இருப்பதை மடித்துத் தரும் அந்த மெல்லிய ரொட்டிக்காக.

போன வருடம் அம்மா திருச்சியிலிருந்து வந்திருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை ஓட்டலுக்கு அழைத்துப் போனேன். வாசலிலேயே நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள். அம்மாவுக்குப் பசி தாங்காது. சரி என்று எதிரே இருந்த டாக்கேரியாவுக்குள் நுழைந்தோம். நான் மெனுவை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, அம்மா கவுண்டருக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி எலுமிச்சை அளவு மாவைக் கிள்ளி உருட்டி, இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே வைத்து அழுத்தி, உள்ளங்கையில் ஒரு தட்டு தட்டி, கல்லில் போட்டார். கொமால் என்கிறார்கள்; நம் தோசைக்கல்லேதான். கொஞ்ச நேரத்தில் ஒரு திருப்பு, அப்புறம் இன்னொரு திருப்பு. இரண்டாவது திருப்பில் நடுப்பகுதி புல்கா மாதிரி உப்பியது. "அந்தம்மா கல்ல நல்லாக் காயவிட்டுத்தான் போடுது" என்றாள் அம்மா, பரீட்சையில் மார்க் போடுகிற குரலில்.

முதல் வாய் வைத்ததும் அடுத்தது வந்தது: "ஏம்ப்பா, இதுல சுண்ணாம்பு வாசனை அடிக்குதே?"

நான் சிரித்தேன். அம்மா வெற்றிலை போடுகிறவள், அந்த ஞாபகம் என்று நினைத்தேன். ஆனால் அவள் சொன்னதுதான் சரி. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, இரவெல்லாம் ஊறவிட்டு, தோல் கழன்றதும் அலசி அரைப்பது மெக்சிகோவில் ஆயிரக்கணக்கான வருட வழக்கம். அப்படிப் பதமான சோளத்துக்கு நிக்ஸ்டமால் என்று பெயர்; நாவாட்டில் (Nahuatl) என்ற மெக்சிகோப் பழங்குடி மொழிச் சொல். சுண்ணாம்பு தோலைக் கழற்றுவதோடு நிற்பதில்லை. சும்மா அரைத்த மக்காச்சோள மாவைப் பிசைந்து தட்டிப் பாருங்கள், உதிர்ந்து போகும்; சுண்ணாம்பு பட்ட மாவு பிடித்துக்கொண்டு நிற்கும். தானியத்துக்குள் பூட்டிக் கிடக்கும் நியாசின் சத்தும் அப்போதுதான் உடம்பில் சேரும். ஐரோப்பியர்கள் சோளத்தைக் கப்பலில் ஏற்றினார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். வட இத்தாலியில் சோளக்களியை மட்டுமே நம்பி வாழ்ந்த ஏழைகளை நியாசின் குறைவால் வரும் பெல்லாக்ரா நோய் பிடித்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் அதே கதை.

இதைப் படித்துவிட்டு எங்கள் டாக்கேரியாவில் தினமும் சோளம் ஊறுகிறது என்று நினைக்க வேண்டாம். பின்பக்கம் மாவு மூட்டைதான் அடுக்கியிருக்கிறது. ஏற்கெனவே சுண்ணாம்பில் வேகவைத்து அரைத்து உலர்த்திய மாவு. தண்ணீர் ஊற்றிப் பிசைந்தால் போதும். வீட்டில் அரைத்த மாவுக்கும் பாக்கெட் மாவுக்கும் தோசையில் தெரியும் வித்தியாசம் இங்கேயும் இருக்கும். ஆனாலும் பாக்கெட் மாவுத் தோசையைக் கல்லிலிருந்து நேராகத் தட்டில் வாங்கிச் சாப்பிடுவதும், அரைத்த மாவுத் தோசையை டிபன் பாக்ஸில் மூன்று மணி நேரம் கழித்துத் திறப்பதும் ஒன்றா? சோள டோர்ட்டியாவின் ஆயுசு சில நிமிடங்கள்தான். சூட்டில் மெத்தென்று வளையும், ஆறினால் மடிக்கும்போதே விரிசல் விடும். டாக்கேரியாவில் கல்லுக்கும் என் தட்டுக்கும் நடுவே ஆறடி தூரம்.

ஓட்டலில் வருவது கோதுமை டோர்ட்டியா, ஃபாயில் சுற்றி, மூடி போட்ட டப்பாவில். அதைப் போலி என்று சொல்லமாட்டேன். சோனோரா போன்ற வட மெக்சிகோ மாநிலங்களில் கோதுமைதான் வழக்கம். கொழுப்பு சேர்ப்பதால் ஆறினாலும் மென்மை போகாது. ஆனால் சோளம் வேண்டும் என்று கேட்டால் பாக்கெட்டைப் பிரித்துச் சூடுகாட்டித் தருகிறார்கள், ஓரம் அட்டை மாதிரி இருக்கிறது.

ஒரு டாக்கேரியாவை எடைபோட எனக்கு ஓர் அடையாளம் உண்டு. டாக்கோவுக்கு அடியில் எத்தனை டோர்ட்டியா என்று பாருங்கள். இரண்டு என்றால் பெரும்பாலும் மெஷினில் செய்து வாங்கிய மெல்லிசு ரகம். ஒன்று கிழிந்தால் இன்னொன்று தாங்கட்டும் என்று வைக்கிறார்கள். ஒன்றே ஒன்று, கொஞ்சம் கனமாக, வட்டம் சரியில்லாமல் இருந்தால் கையால் தட்டியது.

சைவக்காரர்களுக்கு இரண்டு இடத்திலும் கண்ணி உண்டு. பீன்ஸை மசித்து வதக்கப் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது வழக்கம். அந்தக் கொழுப்பின் பெயர் மான்டேக்கா. சிவப்பு நிறத்தில் வரும் மெக்சிகன் சோற்றைப் பல இடங்களில் கோழிச்சாறு ஊற்றித்தான் வேகவைப்பார்கள். ஓட்டலில் ஒருமுறை "வெஜிடேரியன்தான்" என்று அடித்துச் சொன்ன பையன், பாதிச் சோறு போன பிறகு வந்து மன்னிப்புக் கேட்டான். டாக்கேரியாவில் சமைக்கிறவரே எதிரில் நிற்கிறார், பானையைக் காட்டியே கேட்டுவிடலாம். அங்கே நோபாலெஸ் டாக்கோவும் கிடைக்கும்; நம் சப்பாத்திக்கள்ளிதான், முள் சீவி, கீறி, வதக்கியது. வெண்டைக்காய் வழவழப்பும் லேசான புளிப்பும். "வேலியில கெடக்கிறதையா திங்கிறாங்க?" என்று கேட்ட அம்மா இரண்டு சாப்பிட்டாள். பச்சை சல்சாவில் போடும் டொமட்டியோவும் நம் சொடக்குத் தக்காளியின் உறவுதான். மேலே அதே காகிதத் தோல்.

ஓட்டலின் சிப்ஸ் இலவசம் என்பார்கள். உண்மையில் அது பசியைத் தின்றுவிடுகிறது. தட்டு வரும்போது பாதி வயிறுகூடக் காலியாக இருக்காது.

ஓட்டல் ஜெயிக்கும் இடங்களும் உண்டு. ஆறு பேராகப் போனால், குழந்தைகளோடு போனால், மேனேஜரை அழைத்துப் போனால், டாக்கேரியாவின் நாலு மேசை உதவாது. டோர்ட்டியாவில் சீஸைச் சுருட்டி, மேலே சில்லி கிரேவி ஊற்றிய எஞ்சிலாடாவும் ஓட்டலில்தான். சீரக வாசனை தூக்கலாக, மஞ்சள் சீஸ் உருகி ஓடும். மெக்சிகோக்காரர்கள் இது எங்கள் ஊர் இல்லை என்பார்கள். இல்லைதான், இது டெக்சஸ் ஊர்ச் சமையல். சுட்ட இறைச்சியை டோர்ட்டியாவோடு தரும் ஃபஹீட்டாவை இந்த ஊரில் பிரபலமாக்கிய நின்ஃபா லாரென்ஸோ 1973இல் நேவிகேஷன் சாலையில் பத்து மேசையோடு ஓட்டல் தொடங்கியது, கணவர் இறந்த பிறகு தள்ளாடிக்கொண்டிருந்த தன் டோர்ட்டியா தொழிற்சாலையின் முன்பகுதியில். இந்த ஊர்க் கதையும் டோர்ட்டியாவில்தான் வந்து நிற்கிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்.

என் அனுபவத்தின் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். நான் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. டாக்கேரியாவின் பெருமையே பார்பகோவா என்கிற நிதானமாக வேகவைத்த மாட்டிறைச்சியும் நாக்கு டாக்கோவும் என்று கூட வேலை பார்க்கும் நண்பர் சத்தியம் செய்கிறார். அவர் பேச்சை நம்புவதைத் தவிர எனக்கு வழியில்லை. கோழி டாக்கோவும் கள்ளி டாக்கோவும் வைத்துத்தான் என் தீர்ப்பு. இரண்டு கடைக்கும் இரவில் போனதில்லை.

போகிறவர்கள் 11.40க்குள் போய்விடுங்கள், 12 மணிக்குக் கட்டட வேலைக்காரர்கள் வரிசை வாசல் தாண்டும். கோழி ஒன்று, நோபாலெஸ் இரண்டு, பச்சை சல்சா கூடுதலாக. வெங்காயமும் கொத்தமல்லியும் வேண்டுமென்றால் "கோன் டோடோ" என்று சொன்னால் போதும். புதன்கிழமை மட்டும் அந்தம்மாவுக்கு விடுமுறை. அன்றைக்கு டாக்கோவுக்கு அடியில் இரண்டு டோர்ட்டியா வரும். புதன்கிழமை நான் எதிரே போய் எஞ்சிலாடா சாப்பிடுகிறேன்.