ஏழரை மணித்தியாலம் எழும்பாமல் இருக்க ஒரு மேசை

மட்டக்களப்பு நகரில் மாதக் கட்டணத்துக்கு மேசை தரும் தனியார் வாசிகசாலை ஒன்றை நான்கு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் இறுதியாண்டு ஆய்வைச் செய்துகொண்டே, கனடாவின் பல மருத்துவ பீடங்கள் மாணவர் அனுமதிக்குக் கேட்கும் எம்கேட் (MCAT) பரீட்சைக்கும் படிப்பவள் என்ற நிலையில் நின்றே இதை எழுதுகிறேன். உயர்தரப் பிள்ளைகளின் தேவை வேறு.

எம்கேட் நான்கு பகுதிகளும் 230 வினாக்களும் கொண்டது. மூன்று பகுதிகளில் தலா 59 வினாக்களுக்கு 95 நிமிடமும், வாசித்து விளங்கும் பகுதியில் 53 வினாக்களுக்கு 90 நிமிடமும் தருவார்கள். இடைவேளைகளோடு ஏறக்குறைய ஏழரை மணித்தியாலம் ஆகும். ஆய்வுகூடத்து நாளோ துண்டு துண்டாகவே கழியும். மாதிரியை எதனோலில் இட்டு, நுணுக்குக்காட்டியில் பார்த்து, எண்ணியதை மறுபடி எண்ணும் வேலைக்கு நடுவே கிடைக்கிற அரை மணித்தியாலத்தில் பத்து வினாக்கள் செய்யலாம். முழு மாதிரிப் பரீட்சையை ஒரே இருப்பில் எழுதிப் பழக முடியாது. அந்த அறுபடாத நாளை எனக்குத் தந்தது இந்த இடம்தான்.

ஒவ்வொரு மேசைக்கும் பலகைத் தடுப்பும் மடிக்கணினிக்கு மின்செருகியும் உண்டு. காலை எட்டரைக்குத் திறப்பதால் நான்கு மணிக்குள் பரீட்சையை முடித்துவிடலாம். வாவிக்கரைக் கண்டல் வேர்களில் நத்தை எண்ணிவிட்டு நேரே வந்த ஒரு நாள், கால்விரல் இடுக்கில் காய்ந்த சேற்றைக் கண்ட பொறுப்பாளர் அக்கா முகம் சுளிக்கவில்லை. "தங்கச்சி, பின்னால குழாய் இருக்கு, கழுவிட்டு வாங்க" என்று சொல்லி, மூலை மேசையையும் எனக்காக ஒதுக்கி வைத்தார். அந்த அன்பை நான் மறக்கமாட்டேன்.

குறைகளும் உண்டு. பின்னேரம் இரண்டு மணிக்குத் தனியார் வகுப்பு முடித்த பிள்ளைகள் கூட்டமாக வந்து பேசத் தொடங்குவார்கள். களைப்பு மிகுந்த கடைசிப் பகுதி அந்த நேரத்தில்தான் வரும். அதுவோ உளவியலும் சமூகவியலும், விலங்கியல் மாணவிக்கு முற்றிலும் புதிய பாடங்கள். விஞ்ஞான வினாக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று பரிசோதனை வடிவமைப்பையும் தரவு விளக்கத்தையும் சோதிப்பதால், அதற்கான பயிற்சியை என் ஆய்வே தந்துவிடுகிறது. ஆகவே முழு மாதிரிப் பரீட்சை எழுதாத நாள்களில் இங்கே கிடைக்கும் அமைதியான காலை நேரத்தை உளவியலுக்கும் சமூகவியலுக்குமே கொடுக்கிறேன். என்னைப் போல் வருபவர்களுக்கும் அதையே சொல்வேன்.

நாள் கட்டணம் இல்லாதது என்னை இன்னும் அதிகமாக வருத்துகிறது. களவேலைக்குப் பத்து நாள் போய்விடும் மாதத்திலும் முழுப் பணம் கட்ட வேண்டும். வருகிற மாதம் பாதிக் கட்டணம் எடுப்பீர்களா என்று அக்காவிடம் கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.