நாளுக்கு ஒரு தாள் மேசைக் காலண்டர்: செப்டம்பர் 11 தாளை வைத்துச் சொல்கிறேன்

பள்ளிக்கூடத்துக்கும் நூலகத்துக்கும், படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டுக்கும் இந்தக் காலண்டரைத் தாராளமாக வாங்கலாம். ஆனால் ஒரு விடுபடல் எனக்கு மிகவும் வலித்தது. அதையும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ராமநாதபுரம் மாவட்டத்தில் அரசு உயர்நிலைப் பள்ளி சமூக அறிவியல் ஆசிரியை. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் திருக்குறள், பழமொழி, செய்தி எல்லாம் முடிந்ததும் ஒரு பிள்ளை ‘இன்றைய நாள்’ வாசிக்கும். வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் பட்டியலைத்தான் இதுவரை வாசித்து வந்தோம். ஆண்டு, பெயர், ‘அமெரிக்க எழுத்தாளர்’, அடுத்த வரி. அதில் பிள்ளைகளுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. இந்தக் காலண்டர் அப்படிப் போகவில்லை. ஒரு நாளுக்கு நாலைந்து நிகழ்ச்சிகள்தான். ஆனால் எந்த ஊர், யார், எதற்காக என்று மூன்று நான்கு வரி எழுதியிருக்கிறார்கள். பிறப்பும் இறப்பும் பின்பக்கத்தில்.

செப்டம்பர் 11 தாளையே எடுத்துக்கொள்வோம். முதலில் 1893, சிகாகோ சர்வ சமய மாநாட்டில் விவேகானந்தர் பேசிய நாள். இதை எல்லோரும் போடுவார்கள். இவர்கள் அந்தப் பயணத்துக்காகச் சென்னையில் வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டிய அளசிங்கப் பெருமாளையும், துணை நின்ற ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதியையும் சேர்த்திருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் பஸ்ஸில் போகும்போது பார்க்கிற அரண்மனை அவருடையது. சேதுபதி பெயர் வந்ததும் வரிசையில் சலசலப்பு நின்றுவிட்டது.

அடுத்து 1906, தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் எம்பயர் தியேட்டர். அந்த ஊர் இருக்கிற டிரான்ஸ்வால் பகுதி இந்தியர்கள் கைரேகை கொடுத்துப் பதிவுச் சீட்டு வாங்கிக் கையிலேயே வைத்திருக்க வேண்டும் என்று ஒரு சட்டம் வர இருந்தது. ஏறத்தாழ 3,000 பேர் கூடி, சிறைக்குப் போனாலும் அதற்குப் பணிவதில்லை என்று கடவுள் சாட்சியாக உறுதி எடுத்தார்கள். காந்தியின் சத்தியாகிரகம் பிறந்தது அந்தக் கூட்டத்தில்தான், பெயர் பிறகு வந்தது. இதன் தொடர்ச்சியான போராட்டத்தில் சிறை சென்று, 1914-இல் உயிரை விட்டவர் தில்லையாடி வள்ளியம்மை. அவரைப் பற்றி ஒரு வரி சேர்த்திருந்தால் தாள் இன்னும் நிறைந்திருக்கும். நான் வாயால் சொல்லிக்கொண்டேன்.

2001 நியூயார்க் தாக்குதலுக்குப் பக்கத்திலேயே 1973 சிலியையும் வைத்ததற்கு ஒரு தனிப் பாராட்டு. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த அதிபர் அயெந்தேயின் மாளிகை மீது அவருடைய நாட்டு விமானப்படையே குண்டு போட்டது. அவர் அங்கேயே இறந்தார். அவரைக் கவிழ்த்த ராணுவத் தளபதி பினோசேயின் ஆட்சி 1990 வரை நீடித்தது. ‘செப்டம்பர் 11’ என்றால் ஒரு சிலிக்காரருக்கு முதலில் நினைவு வருவது அதுதான். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு இதைப் பேசியே ஒரு பாடவேளை போய்விட்டது.

பின்பக்கத்தில் வினோபா பாவே பிறப்பு (1895), ஜின்னா மறைவு (1948), அப்புறம் பாரதி. பாரதிக்கு இவர்கள் எழுதியிருக்கும் குறிப்புக்காகவே இதை வாங்கலாம். 1921-இல் திருவல்லிக்கேணி வீட்டில் அவர் உயிர் பிரிந்தது நள்ளிரவு தாண்டி. ஆங்கிலக் கணக்கில் அது செப்டம்பர் 12. நம் வழக்கில் பொழுது விடிந்தால்தான் மறுநாள், அதனால் 11 என்றே நினைவுகூர்கிறோம். அரசும் 11-ஐத்தான் ‘மகாகவி நாள்’ என்று அறிவித்திருக்கிறது. இரண்டு தேதியையும் சொல்லி, ஏன் இரண்டு என்றும் சொல்லியிருக்கிறார்கள். அடியில் இன்னொரு வரி: பிரிட்டன் காலண்டரை மாற்றிய 1752-இல் செப்டம்பர் 2-க்கு மறுநாள் 14. ஆக அந்த ஆண்டு அங்கே செப்டம்பர் 11 என்று ஒரு நாளே கிடையாது. வாசித்த பிள்ளை நிறுத்திவிட்டு, “டீச்சர், அப்ப அன்னைக்குப் பிறந்தவங்க?” என்று என்னைப் பார்த்தது.

சரி, குறைக்கு வருகிறேன். அதே தாளில் 1957 பரமக்குடி இல்லை. ராணுவத்தில் இருந்து திரும்பி, சாதி ஒடுக்குமுறைக்கு எதிராக மக்களைத் திரட்டிய இம்மானுவேல் சேகரன் அன்றிரவுதான் கொல்லப்பட்டார். வயது 32. முந்தின நாள்தான் கலெக்டர் கூட்டிய சமாதானக் கூட்டத்தில் உட்கார்ந்து பேசிவிட்டு வந்திருந்தார். 2010-இல் அவருக்குத் தபால் தலை வந்தது. ஒவ்வொரு ஆண்டும் அந்த நாளில் ஆயிரக்கணக்கானோர் நினைவிடத்துக்கு வருகிறார்கள், வழியெல்லாம் போலீஸ் நிற்கிறது. எங்கள் பிள்ளைகள் கண்ணால் பார்க்கிற செப்டம்பர் 11 இது. ஆங்கில நாவலாசிரியர் டி.எச்.லாரன்ஸ் பிறந்ததற்கு இடம் இருக்கிற தமிழ்க் காலண்டரில் இதற்கு இடம் இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சர்ச்சை வரும் என்று தவிர்த்திருந்தால் அது தவறு. தெரியாமல் விட்டிருந்தால் திருத்திவிடலாம். வழிபாட்டுக் கூட்டத்தில் இதை நானே வாசித்தேன்.

மற்ற தாள்களில் ஏப்ரல் 23-ஐக் கட்டாயம் திருத்த வேண்டும். ஷேக்ஸ்பியரும் ஸ்பெயின் எழுத்தாளர் செர்வாண்டிஸும் 1616-இல் ‘ஒரே நாளில்’ இறந்தார்கள் என்று போட்டிருக்கிறது. ஸ்பெயின் அப்போதே புதிய காலண்டருக்கு மாறியிருந்தது, இங்கிலாந்து மாறவில்லை. வழக்கமாகச் சொல்லும் தேதி ஒன்றானாலும், நடுவில் ஏறத்தாழ பத்து நாள் இடைவெளி. 1752 பற்றி அவ்வளவு அழகாக எழுதியவர்கள் இங்கே கவனித்திருக்க வேண்டும்.

டிசம்பர் 11 அருமை. பாரதி, விஸ்வநாதன் ஆனந்த் பிறப்பு, பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமி மறைவு எல்லாம் ஒரே தாளில். கிழமை போடாமல் 366 தாள் என்பதால் எந்த ஆண்டும் பயன்படும், பிப்ரவரி 29-உம் இருக்கிறது. அன்று பிறந்தவர்கள் மொரார்ஜி தேசாயும் ருக்மிணி தேவி அருண்டேலும். பிள்ளைகள் இடைவேளையில் வந்து தங்கள் பிறந்தநாள் தாளைத்தான் தேடுகிறார்கள். எங்கள் அப்பா தலைமுறையில் பலருக்குப் பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் போட்டதுதான் பிறந்த தேதி. இந்தப் பிள்ளைகளுக்கு உண்மைத் தேதி தெரிகிறது, அதில் வேறு யார் பிறந்தார்கள் என்று பார்க்கும் ஆசையும் இருக்கிறது.

தாள் கனமானது, மை ஊறவில்லை. பின்பக்க எழுத்து மிகச் சிறியது, என் வயதுக்குக் கண்ணாடி இல்லாமல் முடியாது. அட்டைத் தாங்கி சீக்கிரமே வளைந்துவிட்டது, நான் பின்னால் ஒரு பரீட்சை அட்டையை ஒட்டி வைத்திருக்கிறேன். விலை 450 ரூபாய், பள்ளிகளுக்கு இன்னும் குறைத்துக் கொடுக்கலாம். பரமக்குடி பற்றியும் ஏப்ரல் 23 பற்றியும் பதிப்பகத்துக்குக் கடிதம் போட்டிருக்கிறேன். மற்ற மாவட்ட ஆசிரியர்களும் தங்கள் ஊர் நாள் எது விடுபட்டிருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள், முகவரி கடைசி அட்டையில் இருக்கிறது.