வலி ஊசி போட்டதாக பில்லில் இருந்தது, போடவே இல்லை: கினி பிக் வளர்க்கும் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு

பில் இன்னும் என்னிடம் இருக்கிறது. மொத்தம் 14,600 ரூபாய். எக்ஸ்ரே, ஸ்கேன், மயக்க மருந்து, ஆபரேஷன், மருந்துகள் என்று போய், கடைசி இரண்டு வரி இப்படி: ‘வலி ஊசி 2 – 600’, ‘இரவுக் கண்காணிப்பு – 1,500’. இந்த இரண்டும் நடக்கவே இல்லை. பணம் போனதைக்கூட விட்டுவிடுவேன். ஒரு கிலோகூட எடை இல்லாத ஒரு உயிர், வயிற்றைக் கிழித்துத் தைத்த பிறகு, மூன்று நாள் வலி மருந்தே இல்லாமல் கிடந்தது. அதை என்னால் விட முடியவில்லை.

நாகர்கோவிலைச் சுற்றி உள்ள ஒரு தனியார் கிளினிக். புகார் கொடுக்கப் போகிறேன் என்பதால் பெயர் போடவில்லை. பெயரைவிட, அங்கே என்னென்ன தவறு நடந்தது என்று தெரிவதுதான் உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு உதவும். அதே தவறு எந்த ஊர் கிளினிக்கிலும் நடக்கலாம்.

எங்கள் வீட்டில் இரண்டு கினி பிக். நிறத்தை வைத்து மகள் வைத்த வாழைப்பழப் பெயர்கள்: ஏத்தன், பேயன். ஏத்தனுக்கு மூன்று வயது, 940 கிராம். போன ஐப்பசியில் அவன் சிறுநீர் போகும்போது கீச்சென்று கத்த ஆரம்பித்தான். விரித்திருந்த வெள்ளைத் துண்டில் இளஞ்சிவப்பாக ஒரு கறை. எக்ஸ்ரேயில் சிறுநீர்ப்பையில் கல், கொண்டைக்கடலை அளவு, வெள்ளை வெளேரென்று தெரிந்தது. கினி பிக்குக்கு வருவது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட் கல். தின்னும் கால்சியத்தைக் குடல் கணக்கில்லாமல் உறிஞ்சி, மிச்சத்தைச் சிறுநீர் வழியாகவே வெளியே தள்ளுகிற உடம்பு அது. அந்தச் சிறுநீர் காரத்தன்மை உள்ளது, அதில் இந்தக் கல் கரையாது. மருந்து கொடுத்துக் கரைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பி நாளைக் கடத்தாதீர்கள். ஆண் என்றால் கல் நகர்ந்து சிறுநீர்க் குழாயை அடைத்துக்கொள்ளும் ஆபத்தும் கூட உண்டு. ஆக, ஆபரேஷன் என்று கிளினிக்கில் சொன்னது சரியான முடிவுதான்.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். வெட்டியவர் கை சுத்தமான கை. கல் முழுசாக வந்தது, தையலும் நேர்த்தி. தவறெல்லாம் அதற்கு முன்னும் பின்னும்தான்.

முதல் தவறு முந்தின நாளே தொடங்கிவிட்டது. “ராத்திரி எட்டு மணிக்கு மேல புல், தண்ணி ஒண்ணும் வைக்காதீங்க” என்று போனில் சொன்னார்கள். நாய்க்கும் பூனைக்கும் சொல்வதை அப்படியே சொல்லியிருக்கிறார்கள். மயக்கத்தில் வாந்தி எடுத்து அது நுரையீரலுக்குள் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் அவற்றைப் பட்டினி போடுவது. கினி பிக்குக்கு வாந்தி எடுக்கவே முடியாது. அதன் குடல் எந்நேரமும் புல்லை அரைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் காலியாகக் கிடந்தால் குடல் அசைவு நின்றுபோகலாம். மயக்கம் கொடுப்பதற்குச் சற்று முன்பு எடுத்துவிட்டு, வாயில் ஒட்டியிருப்பதைக் கழுவினால் போதும். எனக்கு அன்று இது தெரியாது. விடிய விடிய கூண்டுக் கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தான். டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று நான் கல்லாக உட்கார்ந்திருந்தேன்.

புதன்கிழமை ஆபரேஷன். இரவு அங்கேயே வைத்துப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். அன்று நல்ல மழை. நாகர்கோவிலில் வேலை முடித்து ஒன்பது மணிக்குத் திரும்பிய என் வீட்டுக்காரர், ஏத்தனுக்குக் கொஞ்சம் புல் கொடுத்துவிட்டு வரலாம் என்று கிளினிக் பக்கம் போனார். ஷட்டர் பூட்டிக் கிடந்தது. எதிரே இருந்த டீக்கடைக்காரர், “எட்டரைக்கே எல்லாரும் போயாச்சே அண்ணே, ராத்திரி இங்க ஆரும் இருக்க மாட்டாங்க” என்றார். போன் போட்டோம். “பின்பக்கம் ஆள் இருக்கு, கவலைப்படாதீங்க” என்று பதில் வந்தது. நம்பினோம். மறுநாள் மதியம் பில்லை நீட்டியபோது, பிள்ளையைப் பார்த்தால் போதும் என்ற அவசரத்தில் வரி வரியாகப் படிக்காமலே பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

மருந்து என்று கையில் கொடுத்தது ஒரே ஒரு பாட்டில். குழந்தைகளுக்குக் காய்ச்சலில் கொடுப்போமே, ஸ்ட்ராபெரி வாசனை அடிக்கும் அமாக்சிசிலின் சிரப். காலையும் இரவும். வலிக்கு என்ன என்று கேட்டேன். “ஊசி போட்டாச்சு. இதுக்கெல்லாம் நம்மள மாதிரி வலி தெரியாதும்மா” என்றார் அங்கிருந்தவர்.

வீட்டுக்கு வந்த ஏத்தன் மூலையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். முதுகு கூனி, மயிர் சிலிர்த்து, கண் பாதி மூடி. ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தாலே ‘வீக் வீக்’ என்று வீட்டை இரண்டாக்குகிறவன், குடைமிளகாயை மூக்கருகே வைத்தும் திரும்பவில்லை. களைப்பு என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை இரவு என் அம்மாதான் கண்டுபிடித்தாள். அவள் கல்குளம் பக்கத்தில் ஆடு வளர்த்தவள். காதைக் கூண்டருகே வைத்துக் கேட்டுவிட்டு, “மக்ளே, இது பல்ல நறநறன்னு கடிக்கு, கேட்டியா? ஆடு இப்பிடிக் கடிச்சா வயித்துக்குள்ள கடுத்த நோவுன்னு அர்த்தம்” என்றாள். கினி பிக்குக்கும் அதேதான். மற்ற விலங்குகளுக்கு இரையாகிற ஜீவன் வலியை வெளியே காட்டாது, காட்டினால் காட்டில் உயிர் தப்பாது. அழுகை, முனகல் எதையும் எதிர்பார்த்துக் காத்திருக்காதீர்கள். பல் கடிக்கிற சத்தம், கூனல், பாதிக் கண், தீனியை மறுப்பது, இவைதான் அதன் அழுகை.

அன்று இரவே கிளினிக்குக்கு நான்கு முறை போன் செய்தேன். மூன்று முறை எடுக்கவில்லை. நான்காவது முறை, “திங்கக்கிழமை கொண்டு வாங்க” என்றார்கள். சமையல் தராசில் வைத்துப் பார்த்தேன், 850 கிராம். புழுக்கை சின்னச் சின்னதாகவும், இரண்டொன்று கொழகொழவென்றும் இருந்தது.

சனிக்கிழமை விடிந்ததும் தக்கலையிலிருந்து திருவனந்தபுரத்துக்குக் கிளம்பினோம். மார்த்தாண்டம் பாலம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை என்று 50 கிலோமீட்டர் சொச்சம்தான். பாலராமபுரத்து நெரிசலில் அது முடியாத தூரமாக இருந்தது. மடியில் துண்டில் சுற்றிய ஏத்தன், பக்கத்துப் பெட்டியில் துணைக்குப் பேயன். அங்கே முயல், பறவை, கினி பிக் பார்க்கிற ஒரு பெண் மருத்துவர். தராசில் 830 வந்தது. மூன்று நாளில் உடம்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. சிரப் பாட்டிலை வாங்கிப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

அமாக்சிசிலின், ஆம்பிசிலின், பென்சிலின், க்ளிண்டாமைசின். இந்த வகை ஆன்டிபயாட்டிக்கை வாய் வழியாகக் கொடுத்தால் கினி பிக்கின் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் செத்துப்போகும். அந்த இடத்தில் க்ளாஸ்ட்ரிடியம் என்ற கிருமி பெருகி விஷம் கக்கும். சில நாளில் பேதி கண்டு உயிரே போகலாம். முயலுக்கும் இதே கதிதான். இது ஏதோ புதுக் கண்டுபிடிப்பு இல்லை, கால்நடை மருத்துவப் பாடத்தில் உள்ள விஷயம். கினி பிக்குக்கு என்ரோஃப்ளாக்சசின், ட்ரைமெத்தோப்ரிம் சல்ஃபா போன்றவை கொடுக்கலாம். ஏத்தனுக்குள்ளே போனது மூன்று வேளை சிரப். நான்காவது வேளை கொடுக்காமல் கிளம்பியதை இப்போது நினைத்தாலும் நெஞ்சு படபடக்கிறது.

அவர் எங்கள் முன்னாலேயே கிளினிக்குக்குப் போன் போட்டு, வலிக்கு என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். ஸ்பீக்கரில் பதில் வந்தது: “பெயின்கில்லர் ஒண்ணும் கொடுக்கல டாக்டர். சின்ன உயிர், தாங்காதுன்னு விட்டுட்டோம்.” நான் பையிலிருந்து பில்லை எடுத்து மேசையில் வைத்தேன். ‘வலி ஊசி 2 – 600.’ அவர் அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஊசியை எடுக்கப் போனார்.

“வேதன மாறாதெ இது ஒன்னும் கழிக்கில்ல” என்றார். நம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டாம், வலி போகாமல் இது எதையும் தின்னாது. தின்னாவிட்டால் குடல் நிற்கும், குடல் நின்றால் வாயு கட்டி வலி இன்னும் கூடும். கல்லை எடுத்த பிறகும் கினி பிக்குகள் சாவது பெரும்பாலும் இந்தச் சுழலில்தான். முதலில் ப்யூப்ரெனார்ஃபின் என்ற வலி ஊசி, தோலுக்கடியில் சலைன். பிறகு வீட்டில் கொடுக்க மெலாக்சிகாம் என்ற வலி மருந்துச் சொட்டு. நாய்க்கு ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்று கொடுப்பதை எடைக்கு வகுத்துக் கொடுத்தால் கினி பிக்குக்குப் பத்தாது, அதைப் போலப் பல மடங்கு வேண்டியிருக்கும் என்று சொல்லி, அவரே கணக்குப் போட்டு சிரிஞ்சில் கோடு கிழித்துத் தந்தார். நீங்களாகக் கணக்குப் போடாதீர்கள். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது அந்த மருந்து கிட்னியைப் பாதிக்கும். வீட்டில் இருக்கும் பாராசிட்டமால், குழந்தைகள் சிரப் பக்கமே போக வேண்டாம்.

ஊசி போட்டு ஒரு மணி நேரம் இருக்கும். என் மடியிலிருந்து தலையைத் தூக்கி, பேயனின் பெட்டியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த புல்லை ஒரு இழை இழுத்தான். நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

அதன் பிறகு எட்டு நாள் எங்கள் வீட்டில் யாரும் ஒழுங்காகத் தூங்கவில்லை. கினி பிக் தின்னும் உலர் தீனியான பெல்லட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வைத்து, மிக்சியில் கூழாக அடித்து, மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்துப் பதினைந்து மில்லி. நடுராத்திரி இரண்டு மணிக்கும் உண்டு, விடிகாலை ஐந்துக்கும் உண்டு. ஒரு மில்லி சிரிஞ்சின் நுனியை வெட்டி, சொரசொரப்பு போகத் தேய்த்து, முன்பல்லுக்குப் பக்கவாட்டில் விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ள வேண்டும். அது மென்று விழுங்கின பிறகுதான் அடுத்தது. மல்லாக்கப் போட்டுக் கொடுத்தால் மூச்சுக்குழாயில் போய்விடும், துண்டில் சுற்றி மடியில் நிமிர்த்தியே வையுங்கள். கினி பிக்கின் உடம்பு நம் உடம்பைப் போலவே வைட்டமின் சியைத் தானாக உண்டாக்காது, காயம் ஆற அது கட்டாயம் வேண்டும். டாக்டர் தனியாகச் சொட்டு எழுதித் தந்தார். கூண்டில் மரத்தூளை எடுத்துவிட்டுப் பருத்தித் துண்டு விரித்தோம், தையலில் தூசி ஒட்டாது, சிறுநீரின் நிறமும் தெரியும். முதல் சில நாள் லேசாக ரத்தம் கலந்து வந்தது, அதற்குப் பயப்பட வேண்டாம் என்றார். முக்கி முக்கி ஒரு சொட்டும் வராவிட்டால் மட்டும் எந்த நேரமானாலும் கிளம்பி வரச் சொன்னார்.

தினமும் காலையில் ஒரே நேரத்துக்கு எடை பார்த்துக் காலண்டரில் எழுதினேன். திங்கள் 805 வரை இறங்கியது. செவ்வாய் அப்படியே நின்றது. புதன் 812. அந்த ஏழு கிராமுக்காக அம்மா வேளிமலை முருகனுக்குத் தேங்காய் உடைத்தாள்.

இனி ஆபரேஷனுக்குச் சம்மதிக்கும் முன் நான் கேட்கப் போவதை நீங்களும் கேளுங்கள். இதற்கு முன் எத்தனை கினி பிக்கை அறுத்திருக்கிறீர்கள்? பட்டினி போடச் சொல்கிறீர்களா? சொன்னால் அங்கேயே எழுந்துவிடுங்கள். வலிக்கு என்ன மருந்து, எத்தனை நாள், வீட்டுக்கு என்ன தருவீர்கள்? எந்த ஆன்டிபயாட்டிக், பெயரை எழுதித் தாருங்கள். இரவில் யார் இருப்பார், அவர் போன் நம்பர் என்ன? கேட்டதற்கு முகம் சுளிக்கிற இடத்தில் பிள்ளையை விடாதீர்கள். வடக்கே போக வசதி உள்ளவர்களுக்குத் திருநெல்வேலி ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கல் வந்ததில் என் பங்கும் உண்டு. முற்றத்தில் மரம் நிற்கிறதே என்று தினமும் ஒரு பிடி முருங்கைக்கீரை போட்டேன். 100 கிராம் முருங்கைக்கீரையில் 300 மில்லிகிராமுக்குக் குறையாமல் கால்சியம் இருக்கிறது. நமக்கு அது நல்லது, இவர்களுக்கு இல்லை. ஒரு முறை கல் வந்த உடம்பில் மறுபடி வரவும் வாய்ப்பு அதிகம். இப்போது புல்லும் தண்ணீரும்தான் பிரதானம், கீரைக்குப் பதில் குடைமிளகாயும் வெள்ளரியும்.

ஏத்தன் தேறிய பிறகு பில்லோடு கிளினிக்குக்குப் போனேன். முன்மேசையில் இருந்தவர் சொன்னது: “அக்கா, உங்க எலி பொழச்சிட்டுல்லா? பின்ன என்ன?” அடுத்த தடவை 500 ரூபாய் குறைத்துத் தருவதாகவும் சொன்னார். நான் சிகிச்சைக் குறிப்பின் நகலைக் கேட்டேன். தர மறுத்துவிட்டார்கள்.

கிளினிக்குக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பியிருக்கிறேன். பில் நகல், சிரப் பாட்டில் படம், திருவனந்தபுரம் மருத்துவரின் குறிப்பு, எடை எழுதிய காலண்டர் பக்கம் எல்லாம் சேர்த்து. காசு கொடுத்துப் பெறும் கால்நடை சிகிச்சையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, நடந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் வழியும் சொல்கிறார்கள். பதில் சொல்ல 15 நாள் கெடு கொடுத்திருக்கிறேன், அதில் இன்னும் 6 நாள் பாக்கி. வரவில்லையென்றால் அடுத்த திங்கள் மனு.

இன்று காலை எடை 918.